ஐப்டேசியாவைப் பிடுங்காதீர்கள்

என் முதல் கடல்நீர்த் தொட்டிக்கு அப்போது நான்கு மாதம். 200 லிட்டர் தொட்டி. ஒரு சனிக்கிழமை பச்சை நிற ஸோவா பவளத் துண்டு ஒன்றை வாங்கி வந்து பாறையில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அந்தத் துண்டு உட்கார்ந்திருந்த வெள்ளை பிளக்கின் (பவளத்தை ஒட்டி விற்கும் சின்ன அடிப்பீடம்) விளிம்பில் ஒரு குட்டிப் பனைமரம். ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட இருக்காது. பழுப்பேறிய கண்ணாடி போன்ற உடம்பு. உச்சியில் நூல் நூலாகக் கைகள் விரிந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. காசு கொடுக்காமல் இன்னொரு பவளமும் கூட வந்துவிட்டதே என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பத்து நாளில் பக்கத்திலிருந்த ஸோவாக்கள் வாயை மூடிக்கொண்டன. அதன் பிறகுதான் தேடிப் படித்து, வந்திருப்பது ஐப்டேசியா என்று தெரிந்துகொண்டேன். களைதானே, பிடுங்கிப் போட்டால் போயிற்று என்று ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிச் சுரண்டினேன். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தும் விட்டேன். மூன்று வாரம் போனது. ஒன்று இருந்த இடத்தைச் சுற்றிப் பதினொன்று.

இரத்தபீஜன் கதை கேட்டிருப்பீர்கள். சிந்தும் ஒவ்வொரு துளி ரத்தத்திலிருந்தும் ஒரு அசுரன் எழுந்து வருவான். ஐப்டேசியா கிட்டத்தட்ட அந்த ரகம்.

இது கடல் சாமந்தி இனத்தைச் சேர்ந்த பிராணி. அறிவியல் பெயர் இப்போது எக்ஸைப்டேசியா டயஃபானா. பவளங்களைப் போலவே இதன் உடம்புக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் சமைத்து இதற்கும் ஊட்டுகின்றன. அதனால் நீங்கள் தீனி போடாவிட்டாலும் பட்டினி கிடக்காது. தீனி போட்டால் அதையும் பிடித்துத் தின்னும். உடம்பெல்லாம் கொட்டும் செல்கள் உண்டு. சீண்டினால் வெள்ளை நூல்களைக் கக்கும், அதிலும் கொட்டும் செல்கள்தான். பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் பவளத்துக்குப் பதிலாக இதைத்தான் ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். பவளம் வளர்ப்பது சிரமம், இது எதிலும் சாகாது என்பது ஒரு முக்கியக் காரணம். நம் தலைவலிக்கும் அதுவே காரணம்.

அதன் பாதத்தைக் கவனியுங்கள். ஐப்டேசியா பாறையில் மெதுவாக நகரும்போதே பாதத்தின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளைக் கழற்றி விட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் சில நாளில் கை முளைத்துத் தனி ஐப்டேசியாவாகிவிடும். யாரும் தொடாமலே அது இப்படித்தான் பெருகுகிறது. நான் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுரண்டியது, அது ஒரு மாதத்தில் செய்திருக்கக்கூடிய வேலையை ஐந்து நிமிடத்தில் செய்துகொடுத்த கதை.

இந்த மாதிரி வேண்டாத உயிர்கள் தொட்டிக்குள் வருவதற்குத் தொட்டி அழுக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. சிற்றுயிர்கள் குடியேறி, கடலிலிருந்து வந்த உயிர்ப்பாறை, பவளத் துண்டு ஒட்டியிருக்கும் பிளக், நத்தையின் ஓடு, நண்பர் கொடுத்த ஒரு கொத்துப் பாசி என்று நனைந்த எதிலும் தொற்றிக்கொண்டு வரும். ஆகவே குற்ற உணர்ச்சி வேண்டாம். பதற்றமும் வேண்டாம். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு பூச்சியை விட்டுவைப்பதைவிட, பெயர் தெரியாததையெல்லாம் கொல்வதுதான்.

பிரிசில் புழுவையே எடுத்துக்கொள்வோம். விளக்கு அணைந்ததும் பாறை இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பாக, பக்கவாட்டில் வெள்ளை முள்மயிரோடு பூரான் போல ஒன்று நீளும். பார்த்த மாத்திரத்தில் வயிற்றைக் கலக்கும். ஆனால் நம் தொட்டிகளில் வரும் பெரும்பாலான பிரிசில் புழுக்கள் மிச்சத் தீனியையும் செத்ததையும் தின்னும் துப்புரவுப் பணியாளர்கள். கையால் தொட்டால் மட்டும் அந்த மயிர் தோலில் ஏறிக் குத்தும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்து எடுங்கள். பவளத்தைத் தின்னும் நெருப்புப் புழுக்கள் அதே குடும்பத்தில் இருக்கின்றன, ஆனால் நம் தொட்டிகளில் அவை அபூர்வம். புழு செத்த பவளத்தின் மேல் இருப்பதைப் பார்த்து அதுதான் கொன்றது என்று முடிவு கட்டுவது, சாவு வீட்டில் நிற்கும் பறைக்காரரைக் கொலையாளி என்று பிடிப்பது மாதிரி. புழுக்கள் எக்கச்சக்கமாகப் பெருகினால் நீங்கள் அதிகம் தீனி போடுகிறீர்கள் என்று பொருள். தீனியைக் குறையுங்கள், எண்ணிக்கை தானாக இறங்கும்.

இரவில் தொட்டிக்குள் டக் டக் என்று சத்தம் கேட்கிறதா? அது பிஸ்டல் இறாலாக இருந்தால் பயமில்லை, அது பாட்டுக்கு ஒரு வளையில் குடித்தனம் நடத்தும். மான்டிஸ் இறாலாக இருந்தால் நத்தையும் நண்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மயில் மான்டிஸ் எனப்படும் பெரிய இனத்தின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் என்று அளந்திருக்கிறார்கள். பாறையோடு வருபவை பொதுவாக அதைவிடச் சின்னவைதான். சத்தத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சோடு தொட்டி முன் உட்காருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்குப் பல உயிர்கள் அவ்வளவாக மிரள்வதில்லை. எந்த ஓட்டையில் இருக்கிறது என்று தெரிந்தால் பாறையை அந்த ஓட்டையோடு வெளியே எடுத்து, ஓட்டைக்குள் ஊசியால் சோடா தண்ணீரைச் செலுத்தினால் வெளியே வந்து விழும்.

உண்மையான வில்லன்களும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நியூகீ நகரத்து மீன் காட்சியகத்தில் பவளங்கள் சேதமாகிக்கொண்டே இருந்தன, மீன்களுக்கும் காயம். யார் செய்வது என்று தெரியவில்லை. 2009-ல் தொட்டியின் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு மீட்டருக்கும் அதிக நீளமான பாபிட் வகைப் புழு வந்தது. குட்டியாகப் பாறையோடு வந்து, உள்ளேயே தின்று வளர்ந்திருக்கிறது. அதற்கு பேரி என்று பெயர் வைத்துத் தனித் தொட்டியில் விட்டார்கள். இந்தக் கதையைப் படித்துவிட்டு உங்கள் தொட்டியின் ஒவ்வொரு புழுவையும் பேரி என்று நினைக்க வேண்டாம். நானும் ஒரு மாதம் அப்படித்தான் தூக்கம் கெட்டேன்.

சரி, ஐப்டேசியாவுக்கு வருவோம்.

ஐந்தாறு மட்டும் இருந்தால் ஊசிதான் எளிய வழி. கடையில் இதற்கென்றே விற்கும் பசைகள் இருக்கின்றன. கால்க் என்று நாம் சொல்லும் கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்தும் செய்யலாம். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் வேறொன்றுமில்லை, பாட்டி வெற்றிலையில் தடவிய அதே சுண்ணாம்புதான். அதற்காக வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? வண்ண மீன் கடையில் கிடைக்கும் சுத்தப் பொடியை வாங்குங்கள். இதன் கரைசலின் பிஹெச் 12-க்கு மேல் போகும். தொட்டித் தண்ணீர் 8.1-லிருந்து 8.4-க்குள் இருக்க வேண்டியது. அந்த வித்தியாசம்தான் ஐப்டேசியாவைக் கொல்கிறது. கவனமில்லாவிட்டால் மற்றதையும் கொல்லும். ஊசி அடைத்துக்கொண்டு திடீரென்று பீறிட்டால் உங்கள் கண்ணையும் பதம் பார்க்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நான் செய்வது இப்படி. முதலில் எல்லாப் பம்பையும் நிறுத்துவேன். தண்ணீர் அசையாமல் நிற்க ஐந்து நிமிடம். தோசை மாவைவிடச் சற்று இளக்கமான பதத்தில் சுண்ணாம்பைக் குழைத்து, மழுங்கிய முனை ஊசியில் ஏற்றிக்கொள்வேன். ஐப்டேசியா மகா உஷார். நிழல் விழுந்தாலே ஓட்டைக்குள் சுருங்கிவிடும். அதனால் ஊசியை மேலிருந்து கொண்டுவராமல் பக்கவாட்டில், மெதுவாக, கடிகார முள் நகர்கிற மாதிரி கொண்டுபோக வேண்டும். கைகளின் நடுவில் வாய் தெரியும். முனை வாய்க்கு நேரே, தொடாமல், ஒரு மில்லிமீட்டர் தள்ளி. ஒரு சொட்டு. பசையைத் தீனி என்று நினைத்து அதுவே கைகளை மடக்கி உள்ளே இழுக்கும். அது இழுத்துச் சுருங்கும்போதே மேலே இன்னும் இரண்டு சொட்டு வைத்து ஓட்டையை மூடி விடுவேன், காரைக்குப் பட்டி பார்க்கிற மாதிரி. கால் மணி நேரம் கழித்துத்தான் பம்பைப் போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் வெள்ளைத் தூள் பறந்து பக்கத்துப் பவளத்தில் படியும். 200 லிட்டர் தொட்டியில் ஒரே நாளில் ஐந்தாறுக்கு மேல் இந்த வைத்தியம் வேண்டாம், பிஹெச் ஏறிவிடும்.

வாயில் இறங்காமல் உடம்பில் மட்டும் பட்டால் சாகாது. இரண்டு வாரத்தில் தம்பி தங்கைகளோடு திரும்பி வரும். கழற்றி எடுக்கக்கூடிய பிளக்கில் இருந்தால் ஊசியெல்லாம் எதற்கு? பவளத்தை வேறு பிளக்குக்கு மாற்றிவிட்டுப் பழையதைத் தூக்கி எறியுங்கள். எனக்கு இது அன்றைக்கே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இருபது முப்பது என்று பெருகிவிட்டால் ஊசியோடு மல்லுக்கட்டுவது வீண். தின்கிற ஆளைக் கூட்டி வர வேண்டும். பெரும்பாலோர் முதலில் வாங்குவது பெப்பர்மின்ட் இறால். பல தொட்டிகளில் நன்றாகவே வேலை செய்யும், மீன் தீனி தாராளமாகக் கிடைத்தால் சோம்பேறியாகிவிடும். வாங்கும்போது கவனம். முதுகில் கூனும் பெரிய கண்ணும், சிவப்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தால் அது ஒட்டக இறால், பவளத்தையே தின்றுவிடும். பெப்பர்மின்ட் இறாலின் உடம்பு ஊடுருவித் தெரியும், மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கடைக்காரருக்கே சில சமயம் குழப்பம் வரும்.

காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனை நான் புதியவர்களுக்குச் சொல்லவே மாட்டேன். அழகு, சந்தேகமில்லை. ஐப்டேசியாவையும் கொத்தித் தின்னும். ஆனால் பெரிய தொட்டி கேட்கும், பல மீன்கள் வந்த இடத்தில் எதையும் தின்னாமல் கிடந்தே சாகும். ஒரு களைக்காக ஒரு மீனைக் காவு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கட்சி பெர்கியா. ஓடில்லாத கடல் நத்தை, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், முதுகெல்லாம் விரல் விரலாகத் தொங்கும் சதை. ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. அதைவிட ஆச்சரியம், தின்ற ஐப்டேசியாவின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு விரல்களுக்குக் கடத்தித் தனக்கு ஆயுதமாக வைத்துக்கொள்ளும். திருடனிடமே கத்தியைப் பிடுங்கிக்கொள்கிற சாமர்த்தியம். இரவில்தான் வேலை செய்யும், பகலில் கண்ணிலேயே படாது. விட்டு இரண்டு மாதம்வரை ஒன்றும் நடக்காதது போலிருக்கும், காசு போச்சு என்று நினைப்பீர்கள். பிறகு ஒரு நாள் வழக்கமாக ஐப்டேசியா நிற்கும் மூலை காலியாக இருக்கும். இறாலும் ராஸ் மீன்களும் பெர்கியாவைத் தின்றுவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. ஐப்டேசியா தீர்ந்ததும் பெர்கியாவுக்குச் சோறில்லை. அப்போது பிடித்து, தேவைப்படுகிற வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, பாறையை வெளியே எடுத்து அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தால் எல்லாம் சாகுமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஸோவாக்களிலும் அவற்றின் உறவான பாலிதோவாக்களிலும் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. ஹவாயின் மாவி தீவில் ஹானா அருகே ஒரு கடற்குட்டையில் வளரும் உயிரை எடுத்து ஈட்டி முனையில் பூசினால் பட்டவன் பிழைக்க மாட்டான் என்று அந்த ஊர் மக்கள் சொல்லி வந்தார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மூரும் ஷொயரும் அதிலிருந்து இந்த விஷத்தைப் பிரித்தெடுத்து 1971-ல் வெளியிட்டார்கள். இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் இது ஒன்று. கொதிக்க வைத்தாலோ வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ ஆவியோடும் திவலையோடும் மூச்சில் ஏறும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வண்ண மீன் கடையிலும் வீடுகளிலும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-ல் அறிக்கை வெளியிட்டது. வாயில் உலோகக் கசப்பு, இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், உடல் சோர்வு. சமைத்தவர் மட்டுமில்லை, பக்கத்து அறையில் இருப்பவரும் படுத்துவிடலாம். ஸோவாவைத் தொடும்போது கையுறை, வெட்டும்போது கண்ணாடி. கையில் வெட்டுக் காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டிப் பக்கமே போகாதீர்கள். ஒரு பாறையை நிஜமாகவே கொல்ல வேண்டுமென்றால், பவளம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, பின் மாதக்கணக்கில் வெயிலில் காய விடுங்கள். நேரம் பிடிக்கும், நாறும், ஆனால் ஆஸ்பத்திரி வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சை மணி போல உருண்டையாக முளைக்கும் குமிழ்ப்பாசி, வலோனியா. ஒவ்வொரு உருண்டையும் ஒரே ஒரு செல், உலகின் மிகப் பெரிய ஒற்றைச் செல்களில் ஒன்று. தொட்டிக்குள்ளே நசுக்காதீர்கள், பாறையை வெளியே எடுத்து அடியோடு நெம்பி எடுங்கள். எமரால்டு நண்டு தின்னும் என்பார்கள், சில நண்டுகள் தின்னும். குழாய் போன்ற சின்ன ஓட்டிலிருந்து சிலந்தி வலை மாதிரி சளியை விடும் வெர்மெடிட் நத்தை பவளத்தை எரிச்சலூட்டும். குழாயை இடுக்கியால் நொறுக்கி, வாயில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ ஜெல். அவ்வளவுதான்.

துருச் சிவப்பில் கண்ணாடியெல்லாம் அப்பிக்கொள்ளும் தட்டைப்புழுக்களில் ஒரு சூட்சுமம் உண்டு. இவை உயிரோடு இருக்கும்போது செய்யும் கெடுதலைவிட, மொத்தமாகச் சாகும்போது கசியும் நஞ்சு மோசம். கடையில் மருந்து இருக்கிறதே என்று நேரே ஊற்றினால் புழுவோடு மீனும் போய்விடும். ஒரு வாரம் தினமும் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுத்தான் மருந்து. உடனே மாற்றுவதற்கு உப்புத் தண்ணீர் கலந்து தயாராக இருக்க வேண்டும், நஞ்சை உறிஞ்சப் புதிய வடிகட்டிக் கரியும் போட வேண்டும்.

அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற கல் பவளங்களைத் தின்னும் தட்டைப்புழுவும் குட்டி நத்தைகளும் வந்தால் கதை இன்னும் நீளம். பவளத்தை மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கும் டிப் முறையில் வளர்ந்த புழு உதிரும், முட்டை சாகாது. முட்டை கண்ணுக்குத் தெரிந்தால் பிளேடால் சுரண்டி எடுங்கள். தெரியாததும் இருக்கும், அதனால் வாரம் ஒரு முறை என்று நான்கைந்து வாரம் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். ஒரு முறை முக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள்தான் அடுத்த மாதம் அழுகிறார்கள்.

இப்போது என் வீட்டுச் சமையலறை ஓரத்தில் 20 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு சின்ன விளக்கு, ஒரு ஹீட்டர், ஒரு பம்ப். பார்க்க ஒன்றுமிருக்காது. புதிதாக எது வாங்கினாலும் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, டிப் கொடுத்து, அதில் ஒரு மாதம் வைத்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகிறேன். அந்தச் சின்னத் தொட்டியின் மொத்தச் செலவு, நான் பெர்கியாவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

எடுத்த பூச்சியை எங்கே போடுவது என்பதும் கேள்விதான். கடலிலோ மழைநீர்க் கால்வாயிலோ கூடாது. 1984-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே கொஞ்சூண்டு இடத்தில் பார்க்கப்பட்ட கௌலர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கரை மூடியது. அதே பாசி 2000-ல் கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்கு வடக்கே ஒரு காயலில் முளைத்தது. தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் விட்டுக் கொன்றார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது. பாசியோ ஐப்டேசியாவோ, ஒரு நாள் பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். பிளீச்சிங்கோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போய்வரும்போது கரையில் கிடக்கும் பவளப்பாறையை எடுத்து வந்து தொட்டியில் போடலாமே என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். 2001-லிருந்தே பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வைத்திருப்பதே குற்றம். ஓட்டைகள் நிறைந்த செயற்கைப் பாறை கடையில் கிடைக்கிறது. காய்ந்து வருவதால் அதில் ஐப்டேசியாவும் இருக்காது, பேரியும் இருக்காது.